இப்போது பார்க்கும் தொடர்களும் படங்களும்: கேள்வி பதில்

நான் பார்த்தவற்றைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன். கதைத் திருப்பங்களை எந்தப் பதிலிலும் சொல்லமாட்டேன். நீங்களும் கேள்விக்குள் முடிவை எழுதி அனுப்பாதீர்கள். இன்னும் பார்க்காதவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

கேள்வி: ‘அடோலசன்ஸ்’ தொடரை ஒரே ஷாட்டில் எடுத்ததாக எல்லோரும் கொண்டாடுகிறார்கள். வெறும் வித்தைக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

பதில்: வித்தை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஷாட், அதாவது கேமரா நிற்காமல், நடுவில் வெட்டே இல்லாமல் எடுத்தது. மற்றத் தொடர்களில் ஒரு காட்சி தாங்கமுடியாமல் போகும்போது வேறு இடத்துக்கு வெட்டிவிடுவார்கள், நாமும் மூச்சுவிட்டுக்கொள்வோம். இங்கே அந்த இடைவெளி கிடைப்பதில்லை. மூன்றாவது எபிசோடைப் பாருங்கள்: பெரும்பகுதி ஓர் அறை, ஒரு மேசை, ஓர் உளவியல் நிபுணர், எதிரே ஒரு சிறுவன். பையன் ஒரு நொடி குழந்தையாகவும் மறுநொடி நம்மைப் பயமுறுத்துபவனாகவும் மாறுவதைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறுவனாக நடித்த ஓவன் கூப்பருக்குத் திரையில் இதுதான் முதல் வேடம். 2025இல், 15 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். இரண்டாவது எபிசோடின் கடைசியில் கேமராவை டிரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, இறங்கும் இடத்தில் மறுபடி கைக்கு வாங்கியிருக்கிறார்கள். முதல்முறை பார்க்கும்போது அந்த இணைப்பு கண்ணுக்கே படாது.

கேள்வி: புதிய டிவி வாங்கினேன். நல்ல படங்கள்கூட மெகா சீரியல் போலத் தெரிகின்றன. டிவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, ஒரு வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. படங்கள் பொதுவாக விநாடிக்கு 24 பிரேம்களாக, அதாவது 24 நிலைப்படங்களாக, எடுக்கப்படுகின்றன. டிவி அந்தப் பிரேம்களுக்கு நடுவில் தானே கற்பனையாகச் சில பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. அசைவு வழுவழுப்பாகிறது, படத்தின் தன்மை போய்விடுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். உங்கள் டிவியில் ஃபிலிம்மேக்கர் மோடு (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.

கேள்வி: ‘செவரன்ஸ்’ அடுத்த சீசன் எப்போது வரும்?

பதில்: தேதிகளுக்குத் தயாரிப்பவர்களின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மருத்துவத் தொடர்கள் எல்லாம் ஒன்றுபோல்தானே? ‘தி பிட்’ என்ன புதிதாகச் செய்கிறது?

பதில்: ஒரு பணிநாளை மணிக்கு ஒரு எபிசோடாக, முதல் சீசனில் 15 எபிசோடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. எங்கே வருத்தப்பட வேண்டும் என்று வயலின் வந்து சொல்லாததால், டாக்டர் கையுறையைக் கழற்றி எறியும் சத்தமே காதில் விழுகிறது. அவசியம் பாருங்கள்.

கேள்வி: முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிடுவது நல்லதா, வாரம் ஒன்று நல்லதா?

பதில்: வாரம் ஒன்று. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ 2013 பிப்ரவரியில் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் இறக்கியபோது அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. ஆனால் அந்த வழக்கம் எழுத்தைக் கெடுத்துவிட்டது. ‘இது பத்து மணி நேரப் படம்’ என்று படைப்பாளிகள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், நடுவில் நான்கு எபிசோடுகள் தொய்யப்போகின்றன என்று எனக்குக் கவலையாகிவிடும். ஒவ்வொரு வாரமும் பார்வையாளரைத் திரும்ப வரவழைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு எபிசோடுக்கும் தனி உருவம் வேண்டும்.

கேள்வி: வாரமுறை சந்தாவை இழுத்தடிக்கும் தந்திரம். அதற்குக் கலைப்பூச்சு பூசுகிறீர்கள்.

பதில்: வியாபார நோக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால் பயன் இல்லாமல் போய்விடுமா? ‘ஆண்டோர்’ இரண்டாம் சீசனை வாரத்துக்கு மூன்றாக நான்கு வாரம் வெளியிட்டார்கள். மூன்று எபிசோடுக்கு ஓர் ஆண்டுக் கதை. வெளியீடும் கதையின் கட்டமைப்பும் அப்படிப் பொருந்தியிருந்தன.

கேள்வி: நீங்கள் புகழ்ந்த ‘அடோலசன்ஸ்’ முழுவதும் ஒரே நாளில் வந்ததே?

பதில்: நல்ல கேள்வி. அது நான்கே எபிசோடுகள், ஒரு மாலையில் முடிந்துவிடும். அதிலும் ஒவ்வொன்றுக்கும் தனிக்களம், தனி நேரம், தனி முடிச்சு. அதை வாரம் ஒன்றாகக் கொடுத்திருந்தாலும் எதுவும் குறைந்திருக்காது. நான் கேட்பது அந்த உருவத்தைத்தான்.

கேள்வி: எனக்கு வார இறுதியில்தான் நேரம். மொத்தமாகக் கிடைப்பதே வசதி.

பதில்: வாரமுறைத் தொடரை நீங்கள் முடியும்வரை காத்திருந்து மொத்தமாகப் பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. மொத்தமாக வந்த தொடரை எல்லோரும் ஒரே வேகத்தில் பார்த்து, சேர்ந்து பேச வழியே இல்லை. ஒருவர் மூன்றில் இருப்பார், இன்னொருவர் முடிவைச் சொல்லிவிடுவார். வாரமுறை இரு தரப்புக்கும் இடம் கொடுக்கிறது, மொத்த வெளியீடு ஒரு தரப்புக்கு மட்டும்.

கேள்வி: அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: மேலே மூன்று சொல்லியிருக்கிறேன்: ‘அடோலசன்ஸ்’, ‘தி பிட்’, ‘ஆண்டோர்’.

கேள்வி: நல்ல தொடர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்று எழுதினால் இன்னும் உதவ முடியும்.

கேள்வி: பழைய தொடர்கள் இப்போது திரை முழுவதும் தெரிகின்றன. நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. சதுரத்துக்கு நெருக்கமான 4:3 சட்டத்தை அகலத் திரைக்கு ஏற்றவாறு நிரப்ப, பல நேரங்களில் மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர் 2019இல் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்தபோது அப்படித்தான் நடந்தது. பீர் ஆலைக் காட்சி ஒன்றில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று வகை பீருக்கு மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து பீர் வரும். நகைச்சுவையே அந்தக் குழாய்தான். அதை வெட்டிவிட்டார்கள், மூன்று தொட்டிகள் மட்டும் மிஞ்சின. ரசிகர்கள் விடாமல் கேட்ட பிறகு 2020இல் பழைய சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. தேர்வு இருந்தால் எப்போதும் பழைய சட்டத்தையே எடுங்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு டிவியிலும் படங்கள் சீரியல் போல இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள். பெற்றோர் வீட்டு டிவியிலும் அணைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எல்லோரும் தொடரை முடித்த பிறகுதான் நான் பார்ப்பேன். அப்படியானால் வாரமுறையால் எனக்கு என்ன லாபம்?

பதில்: முடிக்காமல் நடுவில் கைவிட்டவர்கள் எத்தனை பேர், எந்த எபிசோடில் விட்டார்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். உங்கள் பத்து மணி நேரம் மிச்சம்.