கேள்வி-பதில்: 445 நாள் நீண்ட ஒரு வருடம்

கே: பழைய ரோமில் ஒரு வருடம் 445 நாள் ஓடியதாகப் படித்தேன். நம்பலாமா?

ப: தாராளமாக நம்பலாம். கி.மு. 46தான் அந்த வருடம். அதுவரை ரோமர்களின் வருடம் 355 நாள். சூரியக் கணக்குக்குப் பத்து நாள் போலக் குறையும் என்பதால், சில வருடங்களில் பிப்ரவரியை ஒட்டி ஒரு குட்டி மாதத்தைச் செருகிக் கணக்கை நேர் செய்வார்கள். எப்போது செருகுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் பூசாரிகள் சபையிடம் இருந்தது, கெட்டது அங்கேதான். ரோமில் பெரிய பதவிகளுக்கெல்லாம் ஒரு வருடம்தான் ஆயுள். வேண்டியவர் பதவியில் இருந்தால் மாதத்தைச் செருகி வருடத்தை நீட்டுவது, வேண்டாதவர் என்றால் செருகாமல் விட்டுவிடுவது என்று விளையாடியிருக்கிறார்கள். அப்புறம் போர், உள்நாட்டுச் சண்டை. சபையின் தலைவரே ஜூலியஸ் சீசர்தான், ஆனால் அவர் வருடக்கணக்கில் படையோடு வெளியூரில் இருந்தார். கடைசியில் காலண்டர் பருவத்தை முந்திக்கொண்டு மூன்று மாதம் ஓடிவிட்டது, அறுவடைத் திருவிழா வரும்போது வயலில் அறுவடையே ஆகியிருக்காது.

சீசர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளரின் யோசனையைக் கேட்டு, அந்த ஒரே வருடத்தில் வழக்கமான குட்டி மாதத்தின் 23 நாளோடு, நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு மாதங்களாக 67 நாளையும் நுழைத்தார். கூட்டிப் பாருங்கள், 445 வரும். மறுவருடம் ஜனவரி 1 முதல் 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒரு நாள் கூடுதல். நாம் இன்று கிழிக்கும் காலண்டருக்கு அடித்தளம் அதுதான். சீசர் ஜெயித்த எந்தப் போரையும்விட இதைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

கே: அதே வருடத்தில் வேறு என்ன நடந்தது?

ப: நிறைய. ஏப்ரல் 6 அன்று வட ஆப்பிரிக்காவின் தாப்சஸில் சீசர் எதிரணியை முறியடித்தார் (பருவப்படி அது உண்மையில் பிப்ரவரி, குழப்பம் புரிகிறதா?). குடியரசுக்காகக் கடைசிவரை நின்ற கேட்டோ, சீசரின் மன்னிப்பில் உயிர்வாழ விருப்பமில்லாமல் யூட்டிகா நகரில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு ரோமில், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), எகிப்து, பொன்டஸ் (இன்றைய துருக்கியின் வடபகுதி), ஆப்பிரிக்கா என்று நான்கு இடங்களில் பெற்ற வெற்றிக்கு நான்கு ஊர்வலங்கள். ரோமர்கள் முதன்முதலாக ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் அந்தக் கொண்டாட்டத்தில்தான். ஆனால் எனக்கு மனதை விட்டுப் போகாதது வெர்சிஞ்ஜெடோரிக்ஸ். கால் நாட்டுக்காரர்களை ஒன்றுசேர்த்து எதிர்த்த அந்தத் தலைவனை ஆறு வருடம் சிறையில் வைத்திருந்து, ஊர்வலத்தில் காட்டிவிட்டுக் கொன்றார்கள். எகிப்து ஊர்வலத்தில் கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயியைச் சங்கிலியோடு நடத்தி வந்தபோது கூட்டமே இரக்கப்பட்டது, அவளை உயிரோடு விட்டார்கள்.

கே: புதிய காலண்டரை யாரும் எதிர்க்கவில்லையா?

ப: முணுமுணுப்பு இருந்தது. நாளை லைரா விண்மீன் கூட்டம் உதிக்கும் என்று ஒருவர் சொன்னதற்கு, "ஆமாம், உத்தரவுப்படி" என்றாராம் ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ. நாள்களைக்கூட சீசர் அதிகாரம் செய்கிறாரே என்ற ஆற்றாமை அது. ஆனால் காலண்டரை மறுபடி கெடுத்தது எதிரிகள் இல்லை, பூசாரிகள். சீசர் இறந்த பிறகு அவர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்பதைத் தப்பாக எண்ணி மூன்று வருடத்துக்கு ஒரு நாளைக் கூட்டிக்கொண்டே போக, பின்னால் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் வந்து சில லீப் வருடங்களை ரத்து செய்துதான் சரி செய்ய வேண்டியிருந்தது.