சூழல் பாடமும் பழங்குடி மக்களின் அறிவும்: ஆசிரியர்கள் கேட்டவை

நீலகிரி அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன், சூழல் மன்றமும் என் பொறுப்பில் இருக்கிறது. பருவநிலை, இயற்கை வளம், பழங்குடி மக்களின் அறிவு ஆகியவற்றை வகுப்பில் செயல்பாடாக எப்படிக் கொண்டுபோவது என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சுற்றுச்சூழல் தினத்துக்குப் பிள்ளைகளுக்கு இலைதழை கட்டி 'காட்டுவாசி நடனம்' ஆட வைக்கச் சொல்கிறார்கள். மறுத்துப் பேச ஒரு காரணம் வேண்டும் டீச்சர்.

அப்படி உடுத்துபவர்கள் இங்கே யாருமே இல்லை என்பதே போதுமான காரணம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியில் ஆறு சமூகங்கள் வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பேச்சு, சொந்தத் தொழில் உண்டு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்பாண்டத்துக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போனவர்கள் கோத்தர்கள். குழுவுக்கு ஒரு சமூகம் என்று பிரித்துக் கொடுத்து, 'இவர்கள் இன்று எங்கே வாழ்கிறார்கள், என்ன செய்கிறார்கள்?' என்று தேடி எழுதச் சொல்லுங்கள். 'இன்று' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். 'முற்காலத்தில்' என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் அவர்களை அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிடுவார்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். சோலைக்காடும் புல்வெளியும் பாடத்தில் வருகின்றன, ஆனால் என் பிள்ளைகள் மலையேறிப் பார்த்ததில்லை. எப்படிப் புரியவைப்பது?

நீங்கள் பாதி வேலையை அங்கேயே முடித்துவிடலாம். பவானிசாகர் அணைக்கு வரும் பவானியும் மோயாறும் நீலகிரியின் தண்ணீர்தான். உங்கள் ஊர் நெல்வயலில் பாயும் தண்ணீர் எங்கே தேங்கி, எப்படிக் கசிந்து வருகிறது என்று கேட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மூன்றைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தைச் சன்னல்போல் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே மண், ஒரே அளவு. ஒன்றில் பள்ளி மைதானத்தில் இருந்து வேரோடு பெயர்த்த புல்கட்டி, இன்னொன்றில் மண்மேல் காய்ந்த சருகு, மூன்றாவதில் வெறும் மண். வாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி மேசை விளிம்பில் சாய்த்து, கீழே பாட்டிலுக்கு ஒரு டம்ளர் வையுங்கள். பூவாளியால் அரை அரை லிட்டர் ஊற்றுங்கள். வெறும் மண்ணில் இருந்து தண்ணீர் உடனே, டீ நிறத்தில் கொட்டும். புல் இருக்கும் பாட்டிலில் தாமதமாக, குறைவாக, தெளிவாக வரும். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் அது சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு பிள்ளை கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். கோடையிலும் ஓடை வற்றாமல் இருப்பதற்கான காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளை ஆங்கிலேயர் தரிசு என்று நினைத்து, 19-ஆம் நூற்றாண்டில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். தோடர்களுக்கு அது எருமை மேய்ந்த நிலம். அங்குள்ள சதுப்புகளில் வளரும் ஒருவகைப் புல்லால்தான் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்கிறார்கள். புல்வெளியை மூடினால் தண்ணீர், மேய்ச்சல், வழிபாடு எல்லாம் சேர்ந்தே அடிபடும். எங்கே வேண்டுமானாலும் மரம் நட்டால் அது நல்ல காரியம் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் இருந்து முதலில் களைய வேண்டும். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதம் அதிகம்.

ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

புளியங்கொட்டை விளையாட்டு. நான்கு பேருக்கு ஒரு தட்டு, அதில் 16 கொட்டை. சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் விரும்பிய அளவு எடுக்கலாம். மிஞ்சியது இரட்டிப்பாகும், ஆனால் 16-ஐத் தாண்டாது. முதல் ஆட்டத்தில் பேசக் கூடாது. பெரும்பாலும் தட்டு சீக்கிரமே காலியாகிவிடும். இரண்டாம் ஆட்டத்தில் பேசிக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு எடுத்தால் எட்டு மிஞ்சும், அது மறுபடி 16 ஆகும் என்று யாராவது ஒரு குட்டி கண்டுபிடிக்கும்!

அந்த நேரத்தில் தேன் எடுக்கும் குறும்பர்களைப் பற்றிச் சொல்லுங்கள். செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ கட்டிய அடைகளுக்கு, காட்டுக்கொடியில் பின்னிய ஏணியில் இறங்குவார்கள். மேலே ஏணியைக் காவல் காப்பவர் பல இடங்களில் இறங்குபவரின் மைத்துனர். தங்கையோ அக்காவோ தாலி இழக்கக் கூடாது என்று அவர் கண்ணும் கருத்துமாக நிற்பார். பாறையில் உள்ள எல்லா அடைகளையும் எடுக்காமல் சிலவற்றை விட்டுவருவது வழக்கம். தங்கள் விளையாட்டில் கண்டுபிடித்த விதியை வாழ்க்கையில் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

பருவநிலை மாற்றம் பற்றிய வரைபடங்கள் எட்டாம் வகுப்புக்கு ஏறவே மாட்டேன் என்கின்றன.

முதலில் அவர்களே அளக்கட்டும். பக்கம் நேரான ஒரு டப்பா, ஓர் அளவுகோல், ஒரு நோட்டு போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர். இந்தக் கணக்கு போட்டவுடன் வரைபடத்தின் மேல் பயம் போய்விடும். கூடவே கொன்றை, வேம்பு முதலில் பூத்த தேதியையும் எழுதிவையுங்கள். ஒன்றைக் கவனமாகச் சொல்லுங்கள்: ஒரு வருட மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, அதற்கு 30 ஆண்டுச் சராசரி பார்க்க வேண்டும். அதனால் நோட்டை அடுத்த வகுப்புக்குக் கைமாற்றுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் ஓர் இருளர் பையன். மற்றவர்கள் 'பாம்பு' என்று கேலி செய்கிறார்கள்.

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன நிலையில் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் இருந்தும் நஞ்செடுத்து, பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவதற்கு இந்த நஞ்சு முக்கிய ஆதாரம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்து எப்படி வருகிறது என்று ஒரு பாடமாகவே நடத்துங்கள். ஆனால் நடத்தும்போது அந்தப் பையன் பக்கம் திரும்பாதீர்கள், அவனை எழுந்து பேசச் சொல்லாதீர்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள். கேலி செய்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விவாதத் தலைப்பு?

அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் (காணிகள்) ஆரோக்கியப்பச்சைச் செடி. 1987-இல் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்களிடம், களைப்பு போக்க அந்தச் செடியின் காயைத் தாங்கள் மெல்வதைக் காணிகள் காட்டினார்கள். அதில் இருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. ஊர் முழுக்கத் தெரிந்த அறிவைச் சொல்ல ஒருவருக்கு மட்டும் உரிமை உண்டா? பாதி என்பது நியாயமா, அதை யார் முடிவு செய்வது? காணிகள், ஆய்வு நிறுவனம், மருந்து நிறுவனம், வனத்துறை என்று நான்கு தரப்பாகப் பிரியுங்கள். இரண்டு பீரியட் தேவைப்படும்.

பழங்குடிப் பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேச வைக்கலாமா?

தாராளமாக. மற்றக் கருத்தாளர்களுக்குத் தரும் மதிப்பூதியமும் பயணச் செலவும் அவருக்கும் தர வேண்டும். மேடையும் மைக்கும் வேண்டாம், மரத்தடியில் வட்டமாக உட்காருங்கள். அனுமதி இல்லாமல் செல்போனில் படம் பிடிக்காதீர்கள். மருந்துச் செடி, வழிபாடு போன்றவற்றில் வெளியே சொல்லக்கூடாதவை இருக்கும். அதனால் பிள்ளைகளின் கேள்விகளை முன்கூட்டியே அவருக்குப் படித்துக் காட்டுங்கள், வேண்டாதவற்றை அவரே நீக்கட்டும்.