டபுள்ஸ், ட்ரிபிள்ஸ் எண்டார்ஸ்மென்ட் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: அமெரிக்காவில் கிளாஸ் ஏ சிடிஎல், அதாவது டிரெய்லர் இழுக்கும் கனரக லாரிகளுக்கான வணிக ஓட்டுநர் உரிமம், வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரவிருக்கும் சரக்கு நிறுவனம், இரட்டை டிரெய்லர் இழுப்பதற்காக உரிமத்தில் சேர்க்கப்படும் டி எண்டார்ஸ்மென்ட் என்ற கூடுதல் அனுமதியை வாங்கி வரச் சொல்கிறது. செயலியில் வரும் மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: நான் நெவாடாவின் ரீனோவிலிருந்து இன்டர்ஸ்டேட் 80 வழியாகக் கிழக்கே, இரவு நேரங்களில் இரட்டை டிரெய்லர் இழுக்கும் ஓட்டுநராக 6 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தேர்ச்சி பெறுவது மட்டுமே நோக்கம் என்றால் மனப்பாடம் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வேன். இந்த எண்டார்ஸ்மென்ட்டுக்குச் சாலைத் தேர்வு என்ற ஒன்றே கிடையாது. எழுத்துத் தேர்வில் 80 சதவீதம், அதாவது பல மாநிலங்களில் 20 வினாக்களில் 16க்குச் சரியான விடை, பெற்றுவிட்டால் உரிமத்தில் டி என்ற எழுத்து ஏறிவிடும். அபாயகரமான சரக்கு, பயணிகள் பேருந்து, பள்ளிப் பேருந்து ஆகியவற்றுக்கு 2022 பிப்ரவரி 7 முதல் கட்டாயமாக்கப்பட்ட தொடக்கநிலைப் பயிற்சியும் இதற்குத் தேவையில்லை. ஆகவே நிறுவனம் தன் விருப்பத்தில் பயிற்சி தந்தால் ஒழிய, நெடுஞ்சாலைக்குப் போகும் முன் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆசான் மாநில சிடிஎல் கையேட்டின் 7ஆம் பகுதிதான்.

அந்தப் பகுதி சில பக்கங்களே கொண்டது. அதை முதலில் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, ஒரு பெரிய தாளில் டிராக்டர் (எஞ்சின் உள்ள இழுவை லாரி), முதல் டிரெய்லர், கன்வெர்ட்டர் டாலி (பின் டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கி, அதை முதல் டிரெய்லருடன் இணைக்கும் சிறு சக்கர வண்டி), இரண்டாவது டிரெய்லர் என வரிசையாக வரைந்துகொள்ளுங்கள். பிறகு, காற்றுக் குழாய்கள் இரண்டையும், டிரெய்லர் தொட்டிகளுக்குக் காற்று நிரப்பும் அவசரக் குழாயைச் சிவப்பிலும், பெடலை மிதிக்கும்போது பிரேக்கை இயக்கும் சர்வீஸ் குழாயை நீலத்திலும், முன்னாலிருந்து கடைசி வரை இழுத்து, வழியில் உள்ள ஒவ்வொரு ஷட் ஆஃப் வால்வையும் குறியுங்கள். முதல் டிரெய்லரின் பின்புறத்தில் உள்ள வால்வுகளும், இருந்தால் டாலியில் உள்ளவையும் திறந்திருக்க வேண்டும்; கடைசி டிரெய்லரின் பின்புறத்தில் உள்ளவை மூடியிருக்க வேண்டும்; டாலியின் காற்றுத் தொட்டியில் உள்ள பெட்காக் என்ற சிறு வடிகால் திருகும் மூடியிருக்க வேண்டும். முதல் முறை எழுதியபோது நான் தேர்ச்சி பெறாமல் போனதற்கு இந்த வால்வு வினாக்களே காரணம். எது திறப்பு, எது மூடல் என்று சொற்களாக மட்டும் நினைவில் வைத்திருந்தேன். வினாவின் வாசகம் சற்று மாறியதும் எல்லாம் குழம்பிவிட்டது. படம் வரைந்து, காற்று போகும் வழியை விரலால் தொடர்ந்து பார்த்த பிறகு எனக்கு அந்தக் குழப்பம் வரவேயில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நடுவில் அவசரக் குழாயின் வால்வு மூடியிருந்தால் பின் டிரெய்லரின் தொட்டிக்குக் காற்றே போகாது. அதில் காற்று இல்லாதபோது தானே பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் இருந்தால் சக்கரம் பூட்டியே கிடக்கும், நீங்களும் கிளம்பும்போதே கண்டுகொள்வீர்கள். சர்வீஸ் வால்வு மட்டும் மூடியிருந்தாலோ, டிரெய்லர் தடையின்றி உருண்டு வரும். பெடலை மிதிக்கும்போது மட்டும் அதன் பிரேக் பிடிக்காது. இதனால்தான், டிரெய்லர் கைப்பிரேக்கை (ஓட்டுநர் இருக்கையிலிருந்து டிரெய்லர்களின் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடி) போட்டுவிட்டு வண்டியின் கடைசிக்கு நடந்து சென்று, இரு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று சீறும் ஒலியைக் காதால் கேட்டு மூட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இரண்டிலும் சீறல் கேட்க வேண்டும், ஒன்றில் கேட்டால் போதாது. பனி பெய்யும் இரவில் 70 அடி நடப்பது பெரும் வேலையாகத் தோன்றும். ஆனாலும் நான் ஒருநாளும் அதை விட்டதில்லை.

இணைக்கும் வரிசையையும் இப்படியே காரணத்தோடு படியுங்கள். எடை மிகுந்த டிரெய்லர் டிராக்டருக்கு அடுத்தும், இலகுவானது பின்னாலும் வர வேண்டும். டாலியைப் பின் டிரெய்லருக்கு அடியில் தள்ளும் முன், அந்த டிரெய்லரின் முகப்பு, டாலியின் மேலுள்ள ஃபிப்த் வீல் என்ற இணைப்புத் தட்டின் நடுப்பகுதியைவிடச் சற்றே தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் டாலி உள்ளே போகும்போது டிரெய்லர் சிறிது தூக்கப்பட்டு நன்றாக அமரும். பிரிக்கும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகும்: டாலியைப் பின் டிரெய்லருக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே இழுத்த பிறகே முதல் டிரெய்லரின் பின்டில் ஹூக்கை, அதாவது டாலியின் இழுகம்பியைப் பிடித்திருக்கும் கொக்கியை, திறக்க வேண்டும். டாலி அடியில் இருக்கும்போதே ஹூக்கைத் திறந்தால் அதன் இழுகம்பி மேல்நோக்கிப் பாயக்கூடும் என்று கையேட்டில் ஒரு வரி வரும், அதைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். எங்கள் யார்டில் அவசரத்தில் ஒருவர் அப்படித் திறந்ததை நான் நேரில் பார்த்தேன். அந்தக் கனத்த இரும்பு, குனிந்திருந்த அவருடைய தாடைக்கு ஒரு சாண் தள்ளி, படாரென்று எழும்பி நின்றது. அவர் வெகுநேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, சாட்டை வீச்சு. சாட்டையின் பிடியைச் சற்றே சொடுக்கினாலும் நுனி எவ்வளவு வேகமாக வீசுகிறதோ, அதே போல டிராக்டரில் நீங்கள் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் அந்த அசைவு ஒவ்வொரு இணைப்பிலும் பெருகிக் கடைசி டிரெய்லரைக் கவிழ்க்கும். மூன்று டிரெய்லர் வண்டியில் இந்தப் பெருக்கம் 3.5 என்று கையேட்டின் வரைபடம் காட்டுகிறது. இந்த எண் வினாவாக வரக்கூடியது. முன்னால் போகும் வண்டியிலிருந்து விட வேண்டிய இடைவெளிக் கணக்கு எளிது: ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் 1 வினாடி, மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் கூடுதலாக 1 வினாடி, 70 அடி வண்டிக்கு நெடுஞ்சாலையில் 8 வினாடி. 1998 மார்ச் 1 முதல் தயாரான டாலிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதையும், அதற்கான மஞ்சள் விளக்கு டாலியின் இடப்புறம் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5, 6ஆம் பகுதிகளில் உள்ள ஏர் பிரேக், கூட்டு வாகனப் பாடங்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

டி எழுத்து கிடைத்த உடனே மூன்று டிரெய்லர் இழுக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். 28 அடி இரட்டை டிரெய்லர்களைத் தேசிய நெடுஞ்சாலை வலைப்பின்னலில் எல்லா மாநிலங்களும் அனுமதிக்கும்படி 1982ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது. மூன்று டிரெய்லர்களுக்கு அப்படி இல்லை. நெவாடாவும் யூட்டாவும் அவற்றை விடுகின்றன. பக்கத்திலேயே உள்ள கலிபோர்னியா விடுவதில்லை. தவிர, மொத்த எடை 80,000 பவுண்டுக்கு மேல் போகும் அவ்வகை நீள்வண்டிகளை இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஓட்ட, கூட்டரசு விதிப்படி எல்சிவி (நீள் கூட்டு வாகன) பயிற்சிச் சான்றிதழ் தனியாக வேண்டும்.

கடைசியாக, செயலி. கையேட்டைப் படித்து, படத்தைப் பாராமலே இருமுறை வரைய முடிந்த பிறகு அதைத் திறந்து மாதிரி வினாக்களை எழுதிப் பாருங்கள். ஒரு வினாவுக்குச் சரியான விடையைத் தொட்டும், ஏன் அது சரி என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அதைத் தவறு என்றே குறித்துக்கொண்டு கையேட்டின் அந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள்.