ஆறு குடும்பம், ஒரே மனை

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஆறு குடும்பமாகச் சேர்ந்து இரண்டு கிரவுண்டு வாங்கி, பொதுச் சமையலறையோடு வீடு கட்டப் போகிறோம், பத்திரம் யார் பேரில் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் பேரில் மட்டும் வேண்டவே வேண்டாம், அவர் கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும். ஆறு பெயரும், அவரவருக்கு மனையில் உள்ள பிரிக்கப்படாத பங்கும் (இன்ன இடம் என்று பிரித்துக் காட்டாமல், மொத்த மனையில் இத்தனை பங்கு என்பது) பத்திரத்திலேயே வரட்டும். உங்கள் மனை 500 சதுர மீட்டருக்குள் வருவதால் ரெரா, அதாவது கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவு தேவைப்படாது. கடன் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கியில் பேசிவிடுங்கள்.

சிக்கல் அப்புறம்தான். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் அந்தப் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 'லைலாக்' என்று ஒரு கூட்டுக் குடியிருப்பு, 20 வீடுகள், வைக்கோல் சுவர், 2013இல் கட்டி முடித்தார்கள். வீடுகள் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் நிகர வருமானத்தில் 35 சதவீதம் கட்டிப் பங்கு சேர்க்கிறார். பங்கின் மதிப்பு ஏறுவது சம்பள உயர்வை ஒட்டி, மனை விலையை ஒட்டி அல்ல. உங்களால் அப்படியே செய்ய முடியாது. ஆனால் முதலில் மற்ற ஐவருக்கே விற்க வேண்டும், விலை இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று இப்போதே ஒப்பந்தம் எழுதலாம்.

செலவு குறைய வேண்டுமானால் சலவை அறை, விருந்தினர் அறை இரண்டையும் பொதுவாக்குங்கள். வீட்டுக்கு ஒரு அறை மிச்சம். குளியல் நீரை மறுபடி பயன்படுத்தத் தனிக் குழாயில் பிரிப்பதையும் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள், கட்டியபின் உடைப்பது வீண் செலவு.