ஃபெடரர் மட்டை எனக்குச் சரிப்படுமா?

கேள்வி: வயது 34, வங்கி வேலை. ஆறு மாதமாகச் சாயங்காலத்தில் சிமென்ட் கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தான், ஃபெடரர் பெயர் போட்ட 97 சதுர அங்குல மட்டையை வாங்கிவந்து கொடுத்தார். பாதிப் பந்து ஓரத்தில் பட்டு எங்கேயோ போகிறது. வேறு மட்டை வாங்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: நல்ல மட்டைதான் தம்பி, ஆறு மாத ஆட்டத்துக்கு அது கொஞ்சம் சீக்கிரம். அத்தான் ஆசையாக வாங்கிவந்ததை மூலையில் போடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, அதனால் முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலைந்து பழைய பந்துகளைக் கோலமாவில் புரட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் ஒருவரை நிறுத்திப் போடச் சொல்லி, இருபது தடவை அடியுங்கள். அப்புறம் மட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பில் வெள்ளைத் தடம் தெரியும். அது நடுவில், உள்ளங்கை அகலத்துக்குள் கூடியிருந்தால் இதே மட்டையில் தொடரலாம். ஓரத்து நரம்பிலும் ஃப்ரேமிலும் சிதறிக் கிடந்தால், இப்போதைக்கு உங்களுக்கு 100 முதல் 104 சதுர அங்குலம் வரை உள்ள ஹெட் சைஸ்தான், அதாவது நரம்பு கட்டிய தலைப்பகுதியின் பரப்பு.

தலை பெரிதானால் நரம்பின் நீளம் கூடும், பந்து அதிகமாக அமுங்கி வேகமாகத் திரும்பும். அதைவிட முக்கியம், அகலம் கூடுவதால் நடுவை விட்டுத் தள்ளிப் பட்டாலும் மட்டை கையில் அவ்வளவாகத் திருகிக்கொள்ளாது. சின்னத் தலை, நடுவில் அடிக்கப் பழகியவர்களுக்குப் பந்தை நினைத்த இடத்தில் போட உதவும், பழகாதவர்களைக் கைவிட்டுவிடும். ஃபெடரரே பல வருடம் 90-ல் ஆடிவிட்டு 2014 வாக்கில்தான் பெரிய தலைக்கு வந்தார். நடால் ஜெயித்ததெல்லாம் 100-ல், அதனால் 100 என்றால் கற்றுக்குட்டி மட்டை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எடையையும் பாருங்கள். ஃபெடரர் பெயரில் வந்ததில் ஒரு வகை, நரம்பு கட்டாமலே 340 கிராம். உங்களுடையது அதுதான் என்றால் அரை மணி நேரத்தில் கை தளர்ந்து, பந்துக்குத் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள், ஓரத்தில் படுவதற்கு அதுவும் காரணம். 280 முதல் 300 கிராம் வரை போதும். வாங்குவதற்கு முன் கூட ஆடுகிறவர்களிடம் ஒரு 100-ஐக் கேட்டு வாங்கி இரண்டு சாயங்காலம் ஆடிவிடுங்கள். அத்தான் கொடுத்ததை விற்றுவிடாதீர்கள், ஒரு வருடம் கழித்து அதே கோலமாவு சோதனையை மறுபடி செய்து பார்க்கலாம்.

கேள்வி: பேரனுக்கு எட்டு வயது. வளர்கிற பிள்ளைதானே, பெரிய மட்டையாகவே வாங்கிவிடலாமா?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஆச்சி. சட்டையைப் பெரிதாக எடுத்தால் மடித்துவிடலாம், மட்டையை மடிக்க முடியாது. பெரியவர்கள் மட்டை 27 அங்குல நீளம், பிள்ளை அதைத் தூக்கி அடித்தால் மணிக்கட்டும் தோளும் கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பிள்ளைகளுக்கு ஹெட் சைஸ் பார்க்கவே வேண்டியதில்லை, நீளம்தான் கணக்கு. பேரனை நேராக நிற்கவைத்து, மட்டையைப் பிடித்த கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள், மட்டையின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எட்டு வயதுக்குப் பெரும்பாலும் 23 அல்லது 25 அங்குலம் வரும். கூடவே சிவப்பு அல்லது ஆரஞ்சுப் பந்து வாங்குங்கள், மெதுவாக வரும், பிள்ளை ஆசையாக அடிப்பான்.

கேள்வி: எனக்கு 61 வயது. கல்லூரியில் மர மட்டையில் ஆடியவன். மறுபடி தொடங்கியதும் முழங்கை வலிக்கிறது. 110 வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, நீங்கள் ஆடிய மர மட்டையின் தலை 65 முதல் 70 சதுர அங்குலம்தான் இருந்திருக்கும். ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது அப்படிப்பட்ட மர மட்டையோடுதான், நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. 1976-ல் பிரின்ஸ் என்ற மட்டைக் கம்பெனி 110-ஐக் கொண்டுவந்தது, இரண்டு வருடத்தில் 16 வயது அமெரிக்க வீராங்கனை பாம் ஷ்ரைவர் அதை வைத்தே அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை போனார்.

உங்களுக்கு 105 முதல் 110 வரை நல்லது, ஓரத்தில் படும்போது கைக்கு வரும் உதறல் குறையும். ஆனால் தலையை மட்டும் மாற்றினால் முழங்கை வலி போகாது. விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு இருந்தால் அவிழ்த்துவிட்டு, மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த மென்மையான மல்டிஃபிலமென்ட் நரம்பு போடச் சொல்லுங்கள், நரம்பின் இறுக்கத்தை இரண்டு மூன்று பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள். ரொம்ப லேசான மட்டையும் வேண்டாம், பந்தின் அடியை மட்டை வாங்காமல் கை வாங்கும். மூன்று வாரம் ஆட்டத்தை நிறுத்தியும் வலி இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பழைய மர மட்டை இன்னும் இருக்கிறதா? இருந்தால் நாலு மூலையிலும் திருகு வைத்த அந்த மரச் சட்டத்தில் பூட்டி வையுங்கள், வளையாமல் இருக்கும்.