கோல்ஃப் வண்டி எஞ்சினில் ஆயில் கசிவு: எங்கே தேடுவது?

பெட்ரோல் கோல்ஃப் வண்டியை நிறுத்திய இடத்தில் தினமும் ஆயில் திட்டு, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றியும் நிற்கவில்லை என்கிறீர்கள். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சின் ஆறியதும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பெல்ட்டில் படாமல் டால்கம் பவுடர் தூவுங்கள். 10 நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது ஆக மேலே இருக்கிறதோ, அங்கிருந்துதான் வருகிறது.

எஞ்சின் மேல்மூடியான வால்வு கவர் என்றால், இடைவெளியை அடைக்கும் அதன் கேஸ்கெட்டை மாற்றினால் வேலை முடிந்தது. கிளட்ச்சுக்குப் பின்னால் வட்டமாகத் தெறித்திருந்தால் கிராங்க் ஷாஃப்ட் சீல் (எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது. தயவுசெய்து கிளட்ச்சைச் சுத்தியலால் தட்டாதீர்கள், அதற்கான புல்லர் போல்ட்டால் கழற்றுங்கள். பழைய சீலை எடுத்ததும் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய பள்ளத்தில் நகம் தடுக்கினால், இடமிருக்கும்பட்சத்தில் புது சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். இல்லையென்றால் மறுபடி கசியும்.

இதையெல்லாம் பிரிப்பதற்கு முன்னால் எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயைப் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்; அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம்.