கடல் கிறீமும் இறால் ஒவ்வாமையும்

கேள்வி: இறால் சாப்பிட்டால் எனக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துப்போகும். லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய முகக் கிறீமில் 'கடல் நுண்ணுயிர்ச் சாறு' இருக்கிறதாம். பூசலாமா? இதைப் பூசினால் சன்ஸ்கிறீன் வேண்டாம் என்றும் சொல்லுறா.
வாசகி, கல்லடி

பதில்: பெரும்பாலும் பூசலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு முக்கிய காரணம் அவற்றின் தசையிலுள்ள டிரோபோமையோசின் என்ற புரதம். பக்டீரியாவிலோ நுண்பாசியிலோ அது கிடையாது. 'கடல்' என்பது அந்த நுண்ணுயிரின் பூர்வீகம் மட்டுமே. கிறீமுக்காக அதை வளர்ப்பது பெரும்பாலும் தொழிற்சாலைத் தொட்டியில்; பக்டீரியா என்றால் சீனி கலந்த கரைசலில்.

பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். ஆல்ட்டெரோமோனாஸ் என்று தொடங்கி 'ஃபெர்மென்ட்' என்று வந்தால் அது பக்டீரியா சுரக்கும் பசை போன்ற பொருள், பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. தோலுக்கு மேல் மெல்லிய படலமாக நின்று ஈரத்தைக் காக்கும், ஆழமாக இறங்காது. எக்டோயின் என்றிருந்தால் இன்னும் நல்லது. உப்பிலிருந்து தன்னைக் காக்கச் சில பக்டீரியா உள்ளே சேர்த்து வைக்கும் பொருள் அது. 10 வீத உப்பு நீரில் வளர்த்த பக்டீரியாவைத் திடீரென 2 வீத உப்பு நீருக்கு மாற்றினால் உள்ளே சேர்த்த எக்டோயினை வெளியே விட்டுவிடும். திரும்ப உப்பில் விட்டால் திரும்பச் சேர்க்கும். இதற்குப் பால் கறத்தல் என்றே பெயர்! கைட்டோசான் என்றிருந்தால் மட்டும் தவிருங்கள். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது.

பினொக்சிஎதனோல் என்ற பாதுகாப்புப் பொருளை ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் 1 வீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. பெட்டியிலுள்ள பட்டியலில் அளவு கூடிய பொருள் முன்னால் வரும் என்பதால், கடல் சரக்கின் பெயர் அதற்குப் பின்னால் வந்தால் அதுவும் 1 வீதத்துக்குள்தான். விலை பெரும்பாலும் பெயருக்கு.

இத்தகைய கிறீம்களில் அதிகம் தொல்லை தருவது வாசனைப் பொருளும் பாதுகாப்புப் பொருளும். இறால் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணித்தியாலத்தில் காட்டிவிடும். இவை இரண்டு மூன்று நாள் கழித்தே அரிக்கும். அதனால் ஒரு நாள் பூசிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் பூசுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தக் கிறீம் உங்களுக்கில்லை. பூசியவுடன் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சன்ஸ்கிறீன் விடயத்தில் அக்கா சொல்வது பிழை. எக்டோயின் வெயிலில் வாடிய தோலைத் தேற்றலாம், கதிரை மறிக்காது. கச்சான் வீசும் மாதங்களில் கல்லடி வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன் வேண்டும்: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. முதலில் கடல் கிறீம், அது காய்ந்த பிறகு இது.